புள்ளி விழாத எழுத்து

அத்தியாயம் 9

அப்ரார் பிறந்த மூன்றாம் நாளே அவனுக்குச் சர்க்கரை என்று சொல்லிவிட்டார்கள். மேலப்பாளையத்தில் அதைக் கேட்ட யாரும் முதலில் நம்பவில்லை. அறுபது வயதில் வருகிற நோய் தொட்டில் பிள்ளைக்கு எப்படி வரும் என்றுதான் கேட்டார்கள்.

ஆனாலும் வந்தது. பிறக்கும்போதே கோழிக்குஞ்சு மாதிரி இருந்தவன், குடித்த பாலெல்லாம் மூத்திரமாகப் போய், வாய் உலர்ந்து, கண்ணில் குழி விழுந்து கிடந்தான். ஜங்ஷன் பக்கத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சேர்த்து, நூல் போன்ற குழாய் வழியாக இன்சுலின் ஏற்றித்தான் பிழைக்க வைத்தார்கள். அன்றிலிருந்து இந்த மூன்று மாதமும் காலையில் ஒரு ஊசி, மாலையில் ஒரு ஊசி.

ஊசி போடுவது அவன் தாய் முஃபீதாதான். மாமனார் நூர்முகம்மதுவும் சர்க்கரைக்காரர். இருபது வருடமாகத் தன் வயிற்றில் தானே ஊசி போட்டுக்கொள்கிறவர். ஆனால் பேரனின் தொடையைப் பார்த்தால் அவருக்குக் கை வராது. ஊசி நேரத்தில் அறையை விட்டு வெளியே போய் நின்றுகொள்வார்.

தன்னுடைய சர்க்கரைதான் பேரனுக்கு இறங்கிவிட்டது என்று அவர் நினைத்தார். அதை வாய்விட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மகள் கமர் நிஷா வேறு மாதிரி நினைத்தாள். மாசமாக இருந்தபோது முஃபீதா தம்ரூட், வட்டிலப்பம் என்று இனிப்பாகத் தின்று தீர்த்ததுதான் காரணம் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

கமர் நிஷாவை முஃபீதாவால் எதிர்த்துப் பேச முடியாது. அவள் கணவன் யாசரின் அக்கா. அது போதாதென்று முஃபீதா காக்கா என்று கூப்பிடுகிற அண்ணன் சிராஜுதீனின் மனைவியும் அவள்தான். மாமன் மக்கள், மாமி மக்களுக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடு. எந்தப் பக்கம் திரும்பினாலும் மைனிதான். அடுத்த தெருவிலிருந்து தினமும் விடிந்ததும் வந்துவிடுவாள்.

யாசர் வெளிநாட்டில், தம்மாமில் வேலையில் இருந்தான். மகனை அவன் இதுவரை போன் திரையில் மட்டும்தான் பார்த்திருக்கிறான்.

அந்த வெள்ளிக்கிழமை காலை, முஃபீதா பால் கொடுக்க அப்ராரைத் தூக்கினாள். பிள்ளை ஈரத் துணி மாதிரி தொங்கினான்.

பசித்தால் வீட்டைக் கூட்டுகிறவன் அவன். இப்போது மார்பில் வாய் வைத்ததும் ஒருமுறை சப்பிவிட்டு விட்டுவிட்டான். நெற்றி வியர்த்துக் கிடந்தது. கன்னத்தைத் தட்டினாள். கண் பாதி திறந்து மறுபடியும் மூடியது.

குதிகாலில் குத்தி, ரத்தத்தை ஸ்ட்ரிப்பில் தொட்டு, மெஷினைப் பார்த்தாள். நாற்பத்தொன்று.

இத்தனை நாளும் முந்நூறு, நானூறு என்று ஏறுகிற எண்ணுக்கே பயந்து பழகியவள். இறங்கிப்போன எண்ணை இப்போதுதான் முதல் தடவை பார்க்கிறாள். மெஷின் கெட்டுப்போனது என்று நினைத்து இன்னொரு ஸ்ட்ரிப்பை எடுத்தாள். மறுபடியும் அதே மாதிரிதான் காட்டியது.

“மாமா,” என்று அவள் கூப்பிட்ட குரலிலேயே நூர்முகம்மதுவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. சட்டைப் பையில் தனக்கென்று எப்போதும் வைத்திருக்கும் குளுக்கோஸ் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே வந்தார். சுண்டு விரலை நனைத்து, மாவைத் தொட்டு, பேரனின் கன்னத்து உள்பக்கம் பையப் பையத் தடவினார். ஊசி பிடிக்க வராத கை இதற்கு நடுங்கவில்லை.

கமர் நிஷா ஆப்பப் பாத்திரத்தோடு உள்ளே வந்தது அப்போதுதான். ஒரு பார்வையில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டாள்.

“நேத்து சாயங்காலம் எத்தன போட்ட?”

“எப்பவும் போடுத அளவுதான் மைனி.”

“ஊசியக் கையில வச்சிக்கிட்டே நீ தூங்கி வழிஞ்சத நான் பாத்தேன். ரெண்டாவது தடவையும் போட்டுட்டியாளா?”

ஊசியோடு கண்ணயர்ந்தது உண்மைதான். மூன்று மாதமாகச் சேர்ந்தாற்போல் தூங்கியதில்லை. போட்டுவிட்டுத்தான் கண்ணயர்ந்தோமா, கண்ணயர்ந்து எழுந்து போட்டோமா, இரண்டும் செய்தோமா? நினைக்க நினைக்க நேற்றைய சாயங்காலம் முழுவதும் மனசில் கலங்கிப்போனது.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு விரைந்தார்கள். கொக்கிரகுளத்தில் பாலம் ஏறும்போது தாமிரபரணி கரை தொட்டு ஓடியது. மணிமுத்தாறு அணையைத் திறந்திருந்ததால் தண்ணீர் செம்மண் நிறத்தில் இருந்தது. நூர்முகம்மது பேரனின் நெஞ்சில் கை வைத்து, அது ஏறி இறங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சித்ரலேகா காலைச் சுற்றுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அப்ராரைப் பிறந்த வாரத்திலிருந்து பார்க்கிறவர். பிள்ளையைத் தொட்டுப் பார்த்ததும் முதலில் ரத்தம் எடுக்கச் சொன்னார். அதை எடுத்த கையோடு குளுக்கோஸ் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் அப்ரார் காலை உதறி, முகம் சிவக்க அழ ஆரம்பித்தான். இந்த அழுகையைக் கேட்டு முஃபீதா இதற்கு முன்னால் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

நேற்று போட்ட அளவை டாக்டர் விசாரித்தார். முஃபீதா சொன்னாள். இரண்டு தடவை போட்டிருப்பாள் என்று தான் சந்தேகப்படுவதாகக் கமர் நிஷா பக்கத்தில் நின்று சொன்னாள். டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ரத்தம் சொல்லட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு, இன்றைக்கு ஊசி வேண்டாம் என்றார்.

ஒரு வேளைகூடத் தவறக்கூடாது, தவறினால் உயிருக்கு ஆபத்து என்று சொல்லிக்கொடுத்ததே இந்த டாக்டர்தான். கல்யாண வீட்டில், பஸ்ஸில், மையத்து எடுக்கிற சாவு வீட்டில்கூட மறைவாகப் போய் ஊசி போட்டவள் அவள். இன்றைக்குப் போடாமல் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமாம்.

வராந்தாவில் கமர் நிஷா தம்பிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தது கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது. அடுத்த நிமிடம் முஃபீதாவின் போன் அடித்தது.

“ரெண்டு தடவ போட்டியா முஃபீதா?” யாசர் கோபமாகக் கேட்கவில்லை. கெஞ்சுகிற மாதிரி கேட்டான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“தெரியல மச்சான்,” என்றாள்.

சரி, பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று சொல்லி வைத்துவிட்டான்.

அந்தக் காலைப் பொழுது ஊர்ந்துதான் போனது. குளுக்கோஸைக் குறைத்தார்கள், பிறகு நிறுத்தினார்கள். நர்ஸ் வந்து குதிகாலில் குத்திப் பார்ப்பாள். நூற்றுப் பத்து. முஃபீதா மூச்சை விடுவாள். அடுத்த தடவை ஏறிவிடும், கட்டாயம் ஏறிவிடும் என்று காத்திருப்பாள். நூற்று இருபத்தெட்டு. நூற்றுப் பதினெட்டு. ஊசி இல்லாத அப்ராரின் ரத்தத்தில் இப்படி ஓர் எண்ணை அவள் கண்டதே இல்லை.

நேற்றைய மருந்தின் மிச்சம் இன்னும் வேலை செய்கிறது என்று கமர் நிஷா சொன்னாள். இரண்டு பங்கு மருந்து என்றால் அவ்வளவு நேரம் நிற்கும்தானே. முஃபீதாவுக்கும் அது சரியாகத்தான் பட்டது.

நூர்முகம்மது ஜும்ஆ தொழுகைக்குப் போய்விட்டு வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தார். பள்ளிவாசலில் யாரிடமும் நின்று பேசவில்லை என்று தெரிந்தது. அவர் வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் டாக்டர் சித்ரலேகா உள்ளே வந்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு முஃபீதாவுக்கு நேராக உட்கார்ந்தார். நின்றுகொண்டே பேசிவிட்டுப் போகிற டாக்டர் உட்காருவதைப் பார்த்ததும் எல்லோரும் கிட்டே நெருங்கி வந்தார்கள்.

“நீங்க ரெண்டு தடவ போடலம்மா,” என்றார் டாக்டர். “ஒரு தடவதான் போட்டிருக்கீங்க. அளவும் சரி.”

“எப்பிடி டாக்டர் தெரியும்?” கேட்டது கமர் நிஷா.

டாக்டர் நிதானமாகச் சொன்னார். உடம்பு இன்சுலின் செய்யும்போது முதலில் நீளமாக ஒன்றைச் செய்கிறது. நடுவிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்த பிறகுதான் அது இன்சுலின் ஆகிறது. வெட்டிய துண்டும் வீணாகக் கொட்டப்படுவதில்லை, கூடவே ரத்தத்தில் வருகிறது. மருந்துக் குப்பியில் இருப்பது இன்சுலின் மட்டும்தான். அதில் அந்தத் துண்டு கிடையாது. ஆக, ரத்தத்தில் அந்தத் துண்டு இருந்தால் உள்ளேயே யாரோ இன்சுலின் செய்கிறார்கள் என்று அர்த்தம். பிறந்த வாரத்தில் பார்த்தபோது அப்ரார் ரத்தத்தில் அது இல்லவே இல்லை. இன்று காலை எடுத்த ரத்தத்தில் இருக்கிறது. இரண்டு தடவை ஊசி போட்டிருந்தால் மருந்தும் அதில் இரண்டு பங்கு தெரிந்திருக்கும், அப்படி இல்லை.

முஃபீதாவுக்குக் கேட்டது புரிந்தும் புரியாமலும் இருந்தது.

“அப்போ இத யாரு டாக்டர் செய்யுதது?”

“அவன்தான் செய்யுதான்.”

எல்லோரும் கட்டிலைப் பார்த்தார்கள். அப்ரார் தன் கைமுஷ்டியை வாய்க்குள் திணிக்கப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“உங்க ஊசியும் சேர்ந்து, அவனுதும் சேர்ந்து, ரெண்டும் ஒண்ணா வேல செஞ்சதுலதான் காலைல அவ்வளவு இறங்கிட்டு. அடுத்த வாரம் வரும்போது அளவக் குறைச்சுப் பாக்கலாம்னு நெனச்சிருந்தேன். எனக்கு முன்னால அவன் முந்திக்கிட்டான்.”

நூர்முகம்மது மெதுவாக எழுந்து கட்டிலருகே போய் நின்றார். பேரனின் வயிற்றின் மேல் கையைக் கொண்டுபோனார். தொடவில்லை. தொட்டால் உள்ளே நடக்கிற வேலைக்கு இடைஞ்சலாகிவிடும் என்று பயந்தவர் போல, ஒரு விரற்கடை மேலேயே கையை வைத்துக்கொண்டிருந்தார்.

“அது எங்கன இருக்கு டாக்டரம்மா?”

இரைப்பைக்குப் பின்னால் இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். கணையம். இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு அது நம் விரல் நீளத்துக்குத்தான் இருக்கும். அதற்குள் திட்டுத் திட்டாக, கண்ணுக்குத் தெரியாத அளவில், இன்சுலின் சுரக்கிற செல்கள். அப்ராருக்கு அவை சாகவில்லை, இல்லாமலும் போகவில்லை. அமுங்கிக் கிடந்தன, இப்போது எழுந்திருக்கின்றன.

அமுக்கி வைத்தது எது என்று நூர்முகம்மது கேட்டார். மூன்று மாதமாக அந்த வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு பதிலை வைத்திருந்த கேள்வி அது. வெளியூர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிய ரத்தத்தின் முடிவும் இந்த வாரம் வந்துவிட்டது என்றார் டாக்டர்.

“நம்ம மரபணு எல்லாம் ரெண்டு பிரதியா வரும். ஒண்ணு தாய்கிட்டருந்து, ஒண்ணு தகப்பன்கிட்டருந்து. அநேகமா ரெண்டும் வேல செய்யும். ஆனா சிலது மட்டும் தாய்வழிப் பிரதி அடங்கி இருக்கணும், தகப்பன்வழிப் பிரதி மட்டும்தான் பேசணும். தாய்வழிப் பிரதி பேசாம இருக்கதுக்கு அது மேல ஓர் அடையாளம் விழும். தமிழ்ல புள்ளி வைக்கோம்லா, அந்த மாதிரி. எழுத்து அதேதான். மேல புள்ளி வச்சா உள்ள இருக்க சத்தம் அடங்கிரும்.”

முஃபீதாவுக்கு ஓதப் பழகிய நாளின் சுகூன் நினைவுக்கு வந்தது. அரபி எழுத்துக்கு மேலே குட்டியாக ஒரு வளையம். அதைப் பார்த்தால் நாக்கு அந்த இடத்தில் நின்றுவிட வேண்டும்.

“அப்ராருக்கு எழுத்துப் பிழை எதுவும் இல்ல. ஓர் எழுத்து மேல அந்தப் புள்ளி விழாமப் போயிட்டு. அதனால ரெண்டு பிரதியும் பேசிட்டு. வயித்துக்குள்ள இன்சுலின் செல்லெல்லாம் உருவாகுத நேரத்துல அந்தச் சத்தம்தான் அதுகள அமுக்கி வச்சது. பொறந்த பொறவு அந்த எழுத்தோட வேல தானாக் கொறஞ்சிரும். செல்லெல்லாம் பைய எந்திரிச்சிட்டு.”

தாய்வழிப் பிரதி என்ற சொல்லிலேயே முஃபீதாவின் மனசு நின்றுவிட்டது. அப்படியானால் குறை தன் பக்கத்துக் குறைதானா? கேட்கவும் பயமாக இருந்தது, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. தான் தின்ற எதனாலாவது அது அழிந்திருக்குமா என்று தலையைக் குனிந்துகொண்டே கேட்டாள்.

அவள் நிமிர்ந்து பார்க்கும் வரைக்கும் டாக்டர் காத்திருந்தார்.

“அந்தப் புள்ளி விழுததும் நிலைக்கதும் கருவுக்கு முன்ன பின்ன, முதல் சில நாளுக்குள்ள முடிஞ்சிரும். அப்போ நீங்க மாசமா இருக்கதே உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. தூசிய விடச் சின்னதா இருந்திருப்பான். நீங்க தின்னதுனாலயோ தின்னாததுனாலயோ வந்தது இல்லம்மா இது.”

முஃபீதா யோசித்தாள். யாசர் லீவில் வந்திருந்த நாட்கள் அவை. இருவரும் ஒரு நாள் மணிமுத்தாறு அருவிக்குப் போனார்கள். தண்ணீரில் கால் வழுக்கி அவன் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒருவேளை அந்த நேரம்கூட அப்ரார் இருந்திருக்கலாம். அவளுக்குத் தெரியாமல், அவள் உடம்புக்குள்ளேயே, தூசியை விடச் சின்னதான ஓர் உயிருக்குள் எழுத்தெல்லாம் விரிந்து, எதெது பேச வேண்டும் எதெது அடங்க வேண்டும் என்று புள்ளிகள் விழுந்துகொண்டிருந்திருக்கின்றன. அவள் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

“மொத்தம் எத்தன எழுத்து இருக்கும் டாக்டரம்மா?” என்று நூர்முகம்மது கேட்டார்.

முந்நூறு கோடிக்கும் மேலே என்றார் டாக்டர். ஒவ்வொரு செல்லிலும் அத்தனையும் இருக்கிறது. புள்ளிகள் மட்டும் கோடிக்கணக்கில் இருக்கும்.

நூர்முகம்மது மருமகளைப் பார்த்துச் சொன்னார்.

“ஒண்ணு விழாமப் போச்சுன்னு மூணு மாசமா அழுதோம் தாயி. மத்ததெல்லாம் தப்பாம விழுந்திருக்கே.”

முஃபீதா மகனின் நகத்தைப் பார்த்தாள், இமை மயிரைப் பார்த்தாள், மடங்கி விரிகிற விரலைப் பார்த்தாள். தினமும் பார்ப்பதுதான். இன்றைக்குப் பார்க்கும்போது உடம்பு சிலிர்த்தது.

டாக்டர் எழுந்தபோது நூர்முகம்மது ஒரு சந்தேகம் என்றார். அப்படியானால் தன் சர்க்கரை பேரனுக்கு இறங்கவில்லையா என்று கேட்டார். இல்லை, அது வேறு இது வேறு என்று டாக்டர் சொன்னார். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். ஆனால் கேட்க வந்தது அது இல்லை போலிருந்தது. வேட்டி நுனியைத் திருகிக்கொண்டே நின்றார்.

“எனக்கும் உள்ள அப்பிடி உறங்கிக் கெடக்குமோ?”

டாக்டர் சிரிக்கவில்லை. நாள்பட்ட சர்க்கரைக்காரர்களின் கணையத்தை ஆராய்ந்தவர்கள், எல்லாச் செல்லும் செத்துப்போகவில்லை என்று கண்டிருக்கிறார்கள் என்றார். சில செல்கள் உயிரோடு இருக்கின்றன, தங்கள் வேலை என்ன என்பதை மட்டும் மறந்துவிடுகின்றன. அங்கேயும் இந்த மாதிரிப் புள்ளிகள் இடம் மாறிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறார்கள். அவற்றுக்கு மறுபடி ஞாபகம் வரவைக்க முடியுமா என்று உலகம் முழுக்கத் தேடுகிறார்கள். கைக்கு இன்னும் எட்டவில்லை.

“அதனால உங்களுக்கு இன்னிக்கு ஊசி உண்டு அண்ணாச்சி. விட்றாதீங்க.”

“போடுதேன், போடுதேன்,” என்றார் நூர்முகம்மது. அவர் முகத்தில் ஏமாற்றம் இல்லை. அடுத்த அறையில் யாரோ உறங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டவரைப் போலத் தன் வயிற்றை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்வது கேட்டது. வழக்கமாக மாலை ஊசி போடுகிற நேரம் நெருங்கியது.

நேற்றைய மருந்து இந்நேரம் முழுக்கக் கரைந்திருக்கும் என்று நர்ஸ் சொன்னாள். இனி இருப்பது பிள்ளையுடையது மட்டும்தான். முஃபீதா அப்ராரை மடியில் கிடத்தி, வயிறு நிறையப் பால் கொடுத்தாள். அவன் வெறி பிடித்தவன் போலக் குடித்தான். பாதியில் கமர் நிஷா வந்து தலைமாட்டில் நின்றாள். மத்தியானத்திலிருந்து அவள் முஃபீதாவிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

யாசர் வீடியோவில் வந்தான். தகவல் ஏற்கெனவே அவனுக்குப் போயிருந்தது. போனைத் தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்தார்கள்.

பால் குடித்துக் கொஞ்ச நேரத்தில் நர்ஸ் குத்திப் பார்த்தாள். நூற்று எழுபத்திரண்டு.

ஏறிவிட்டது. முஃபீதாவின் கை தன்னையறியாமல் பையைத் தேடிப் போனது. ஊசியும் குப்பியும் அதில்தான் இருந்தன. நர்ஸ் வேண்டாம் என்று தலையசைத்தாள். கையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள். இந்த எண்ணைக் கண்டபிறகு ஒன்றும் செய்யாமல் இருப்பது, ஓடுகிற பஸ்ஸில் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

அப்ரார் ஏப்பம் விட்டான். போனில் அத்தா யாசரின் சத்தம் வருகிற திசையைத் தேடிக் கண்ணை உருட்டினான். தூங்கிப்போனான். தூங்குகிறவனைப் பார்த்துக்கொண்டு நாலு பேர் மூச்சு விடாமல் இருந்தார்கள்.

மறுபடியும் குத்தினார்கள். மெஷின் யோசித்தது. நூற்று ஏழு.

யாரும் ஊசி போடவில்லை. யாரும் மருந்து கலக்கவில்லை. அளந்து ஊசியில் எடுக்கவில்லை. ஏறினதை அவன் உடம்பே கண்டு, வேண்டிய அளவைத் தானே சுரந்து, கீழே இறக்கிவைத்துவிட்டுத் தூங்குகிறது. உலகத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒவ்வொரு தடவை பால் குடிக்கும்போதும் இதைத்தான் செய்கின்றன. எந்தத் தாயும் இதைப் பார்த்ததில்லை. முஃபீதா பார்த்தாள்.

போனில் யாசர் முகத்தைக் கைலியால் துடைத்துக்கொண்டான். காலையில் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று சொல்ல ஆரம்பித்தான். முஃபீதா முடிக்க விடவில்லை. “பிள்ளையப் பாருங்க மச்சான்,” என்றாள்.

டாக்டர் சித்ரலேகா வீட்டுக்குக் கிளம்பும் முன் இன்னொரு தடவை வந்தார். எண்களைப் பார்த்துவிட்டு, ஊசியை நிறுத்திவிடலாம் என்றார். மெஷினை மட்டும் விட வேண்டாம். இது போய்விட்டது என்று முழுக்கச் சொல்ல முடியாது. மீசை முளைக்கிற வயதில் சிலருக்கு மறுபடியும் வரும், சிலருக்கு வராது. அப்போது வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

“இன்னொண்ணும் இருக்கு. நீங்களும் உங்க வீட்டுக்காரரும் சொந்தம்லா? அந்தப் புள்ளிகளக் காவல் காக்கதுக்குன்னே ஒரு மரபணு உண்டு. சொந்தத்துல கட்டினவங்க சில பேர்ல ரெண்டு பக்கமும் அது பழுதா இருந்து பிள்ளைக்கு வந்து சேர்ந்திரும். அநேகமா அப்பிடி இருக்காது. இருந்தா அடுத்த பிள்ளைக்கும் வரலாம், இத விடக் கொஞ்சம் கூடுதலாவும் வரலாம். அதனால உங்க ரத்தத்தையும் ஒருதரம் பாத்துருவோம்.”

முஃபீதா சரி என்றாள். இன்றைய நாளுக்குப் பிறகு ஒரு குப்பி ரத்தம் அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

டாக்டர் கதவுவரை போய்விட்டார். கமர் நிஷா கூப்பிட்டாள்.

“டாக்டர், பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்த வீடுன்னா, இன்னொரு ஜோடிக்கும் பாக்கணுமா?”

“பிள்ளைக்கு எதிர்பாத்துக்கிட்டு இருக்காங்கன்னா பாக்குதது நல்லது. யாருக்கு?”

கமர் நிஷா விசாரித்துச் சொல்வதாகச் சொன்னாள். டாக்டர் போய்விட்டார். நூர்முகம்மது மஃரிப் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளூ செய்யக் கிளம்பினார். அறையில் பெண்கள் இருவரும் தூங்குகிற பிள்ளையும்தான் மிச்சம்.

கமர் நிஷா கட்டிலில் உட்கார்ந்து அப்ராரை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அவன் குதிகாலைத் திருப்பிப் பார்த்தாள். குத்திக் குத்திக் கன்றிப்போன இடத்தை விரலால் தடவினாள்.

“நான் பேசினதையெல்லாம் மனசுல வச்சிக்கிடாத ஏட்டி,” என்றாள்.

முஃபீதா இல்லை மைனி என்று சொல்ல வாயெடுத்தாள். கமர் நிஷா நிமிரவில்லை. இன்னும் சொல்ல வேண்டியது அவளிடம் இருந்தது.

“எனக்கு இந்த மாசம் தள்ளிப் போயிருக்கு. யார்ட்டயும் சொல்லல. ஒன் காக்காட்ட கூட.”

முஃபீதா அப்படியே நின்றாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இரண்டு தடவை மைனிக்குக் கரு தங்காமல் போனது. இரண்டு தடவையும் ஊருக்கெல்லாம் சொன்ன பிறகுதான் போனது. மூன்றாவது தடவை ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. காலையிலிருந்து டாக்டர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் இவள் எந்த மனசோடு கேட்டுக்கொண்டு நின்றிருப்பாள்? முதல் சில நாள். தூசியை விடச் சின்னது. மைனிக்கு அந்த நாட்கள் இப்போதுதான் கடந்திருக்கின்றன. புள்ளியெல்லாம் விழுந்திருக்கிறதா, காவல் இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்.

முஃபீதா பக்கத்தில் உட்கார்ந்து மைனியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முஃபீதாவின் போன் அடித்தது. திரையில் அண்ணன் சிராஜுதீனின் பெயர். கமர் நிஷா வேகமாகத் தலையை ஆட்டினாள், சொல்லாதே என்று.

“பிள்ளைக்கு எப்பிடி இருக்கு? மாமா சொன்னாவ, ஊசியே வேண்டாமாமே. அல்ஹம்துலில்லாஹ்,” என்றார் சிராஜுதீன். பிறகு கேட்டார். “கமரு போன எடுக்க மாட்டேங்கா. அங்கனதான் இருக்காளா?”

“இங்கனதான் இருக்கா காக்கா,” என்றாள் முஃபீதா. மைனியைப் பார்த்தாள். “பிள்ளைய வச்சிக்கிட்டு இருக்கா.”

“சரி, கடைய அடைச்சிட்டு நானே அவளக் கூட்டிட்டுப் போக வாரேன்.”

ஷட்டர் இறங்குகிற சத்தமும், அதன் பின்னால் வண்டி கிளம்புகிற சத்தமும் போனிலேயே கேட்டன. கமர் நிஷா அப்ராரை இன்னும் இறுக்கமாக அணைத்துக்கொண்டு கதவைப் பார்த்தாள்.